ராபின்சனுக்கு விலை கொடுத்தது யார்?

12 ஏப்ரல் 2025, வாசகர் ஒருவர் கேட்டது

15ஆம் தேதி அமெரிக்கப் பேஸ்பாலில் எல்லா அணிக்காரர்களும் ஜாக்கி ராபின்சனின் எண்ணான 42 போட்ட சட்டையோடு இறங்குவார்கள் என்று என் மகன் சொன்னான். ராபின்சன் கதை எனக்கும் தெரியும். 1947இல் அவர் வெள்ளையர் மட்டும் ஆடிய பெரிய லீக்குக்குள் வந்தார், கறுப்பருக்கு இருந்த நிறத்தடை உடைந்தது. அதற்கு முன்னால் இருந்த கறுப்பர் லீக் என்பது போக்கிடம் இல்லாதவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு ஆடிய ஆட்டம்தானே? அதைப் போய் வெற்றிகரமான தொழில் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் மிகையாகப் படுகிறது.

12 ஏப்ரல், இரவு 10.40

மிகை இல்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஆடியவர்கள் நிறையப் பேர் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்தை நடத்தியவர்கள் மைதான வாடகை, டிக்கெட், ரயில் செலவு, நோட்டீஸ், சம்பளம் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்து நடத்தினார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பெரிய லீக்குகளில் கறுப்பரைச் சேர்க்கக் கூடாது என்று எழுதி வைத்த விதி கிடையாது. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் டொலீடோ அணிக்கு ஆடியிருக்கிறார். அதற்கப்புறம் முதலாளிகளுக்குள் வாய்ப்பேச்சாக ஓர் உடன்பாடு. அவ்வளவுதான், அறுபது வருடத்துக்கு மேல் கதவு சாத்தியே கிடந்தது.

அந்தக் காலத்தில் எழுந்தவர் ரூப் ஃபாஸ்டர். 1879இல் டெக்சஸில் பிறந்தவர், பேர்போன பிட்ச்சர், அதாவது பந்து வீசுபவர். 1911இல் ஜான் ஷார்லிங் என்ற வெள்ளைக்காரரோடு கூட்டுச் சேர்ந்து சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியைத் தொடங்கினார். அந்த ஊர்ப் பெரிய லீக் அணியான ஒயிட் சாக்ஸ் புது மைதானத்துக்குக் குடிபோயிருந்தது. அது விட்டுப்போன பழைய மைதானம் இவர்களுக்குக் கிடைத்தது. 1920 பிப்ரவரி 13 அன்று கான்சஸ் சிட்டியில், கறுப்பர்களுக்கென்று இருந்த ஒய்எம்சிஏ கட்டடத்தில், மற்ற அணி உரிமையாளர்களைக் கூட்டி வைத்து நீக்ரோ நேஷனல் லீக்கை ஆரம்பித்தார். எட்டு அணிகள். ஒவ்வோர் ஆட்டத்தின் வசூலிலும் நூற்றுக்கு ஐந்து ஃபாஸ்டருக்கு.

அந்த ஐந்து ரொம்ப அதிகம் என்று அப்போதே முணுமுணுப்பு இருந்தது. ஆனால் வெளியூரில் கையில் காசில்லாமல் மாட்டிக்கொண்ட அணிக்குப் பணம் அனுப்பியதும் அதே ஃபாஸ்டர்தான். தன் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆஸ்கர் சார்ல்ஸ்டனை இண்டியானாபொலிஸுக்கு விட்டுக்கொடுத்தார், லீக்கில் எல்லா அணியும் சமபலமாக இருந்தால்தான் கூட்டம் வரும் என்று. இதைச் செய்கிறவருக்குத் தொழில் தெரியாது என்று சொல்ல முடியுமா?

1926இல் அவருக்கு மனநலம் கெட்டது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் கான்காகி மருத்துவமனையில் 1930 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டே லீக்கும் போயிற்று.

12 ஏப்ரல், இரவு 11.15

'நீக்ரோ' என்ற சொல் இன்று வழக்கில் இல்லை, யாரையும் அப்படி அழைக்கவும் கூடாது. லீக்குகளின் சொந்தப் பெயரில் அந்தச் சொல் இருப்பதால் பெயர் வரும் இடத்தில் மட்டும் அப்படியே எழுதுகிறேன். மற்ற இடங்களில் கறுப்பர் லீக்.

13 ஏப்ரல், காலை

எழுந்ததும் நினைவுக்கு வந்தது மின்விளக்கு. கான்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியின் உரிமையாளர் ஜே. எல். வில்கின்சன், அந்த லீக்கின் வெள்ளைக்கார முதலாளி. 1929இல் பங்குச்சந்தை விழுந்ததும் வேலைக்குப் போகிறவர்கள் பகல் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குவது குறைந்துவிட்டது. அவர் கடன் வாங்கி, லாரியில் ஏற்றிப் போகக்கூடிய விளக்குக் கம்பங்களையும் ஒரு பெரிய ஜெனரேட்டரையும் செய்யச் சொன்னார். 1930 ஏப்ரல் 28 அன்று ஒக்லஹோமாவின் ஈனிட் ஊரில் இரவு ஆட்டம். பெரிய லீக்கில் முதல் இரவு ஆட்டம் சின்சினாட்டியில் 1935 மே 24இல்தான் நடந்தது. ஐந்து வருடம் முந்திக்கொண்டார்கள்.

இதை முதலில் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் மின்னொளி கபடிதான் கண்ணுக்குள் வந்தது. சவுக்குக் கம்பங்களில் டியூப்லைட், ஓரமாக உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர், அதன் சத்தத்தையும் மீறிக் கத்தும் மைக்செட். மோனார்க்ஸின் ஜெனரேட்டர் சத்தத்தில் களத்தில் நிற்பவர் கூப்பிடுவது பக்கத்து ஆளுக்கே கேட்காதாம். விளக்கு வெளிச்சத்தைத் தாண்டி மேலே போன பந்து எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியும் கூட்டம் வந்தது.

13 ஏப்ரல், மாலை

இதையும் சொல்லியாக வேண்டும். ஒதுக்கி வைத்ததால் வெள்ளையர் அணிகளுக்கு நஷ்டம் ஏதும் இல்லை. வருமானம்கூட வந்தது. தங்கள் அணி வெளியூர் போகும் நாட்களில் மைதானத்தைக் கறுப்பர் அணிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். நியூயார்க் யாங்கீஸ் நிர்வாகம் இப்படி வாடகையிலும் உள்ளே விற்ற தின்பண்டம், பானத்திலும் மட்டும் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,00,000 டாலர் சம்பாதித்தது. 1946இல் பெரிய லீக் முதலாளிகளின் உள் அறிக்கை ஒன்றே இதைச் சொல்கிறது. கறுப்பர்களைச் சேர்த்தால் இந்த வரும்படி போய்விடுமே என்ற கவலையும் அதில் இருக்கிறது.

வாஷிங்டனில் கறுப்பர் லீக்கின் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி கிரிஃபித் மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஆடியது. மைதானத்துக்காரரின் சொந்த அணி வருஷக்கணக்காகத் தோற்றுக்கொண்டிருந்தது. 1937 முதல் 1945 வரை தொடர்ந்து ஒன்பது முறை லீக் முதலிடம் வந்த அணி அவருக்கு வாடகைதாரர். ஜாஷ் கிப்சன் என்ற மலை போன்ற பேட்டர் அவர் கண் முன்னால் ஆடினார். அழைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. கிப்சன் 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் இறந்தார். ராபின்சன் புரூக்ளினில் இறங்கியது அதற்கு மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 15. இந்த இரண்டு தேதியையும் அடுத்தடுத்து எழுதும்போது எனக்குக் கை நின்றுவிடுகிறது.

14 ஏப்ரல்

ஒரு தம்பி கேட்கிறார்: "அந்த முதலாளிகள் பாதிப் பேர் சூதாட்டக்காரர்கள் என்று படித்தேன், சரியா?"

சரிதான். பிட்ஸ்பர்கின் கஸ் கிரீன்லீ, நெவார்க்கின் ஏப் மேன்லி, நியூயார்க்கின் அலெக்ஸ் போம்பெஸ் எல்லோரும் 'நம்பர்ஸ்' நடத்தியவர்கள். மூன்று இலக்கத்தில் சில்லறைக் காசு கட்டுவது. நம் ஊரில் மூணு நம்பர் லாட்டரி என்று சொல்வோமே, அதேதான். நானும் ஒரு காலத்தில் இதைக் கேட்டு முகம் சுளித்திருக்கிறேன். அது எத்தனை வீட்டை அழித்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

ஆனால் கறுப்பர் ஒருவர் அன்று வங்கியில் போய் மைதானம் கட்டக் கடன் கேட்டால் என்ன நடந்திருக்கும்? அந்தத் தெருக்களில் பெரிய தொகை கையில் இருந்தவர்கள் இவர்கள்தான். கிரீன்லீ அந்தப் பணத்தில் பிட்ஸ்பர்கில் செங்கல் சுவரோடு 1932இல் சொந்த மைதானம் கட்டினார், ஏறக்குறைய 1,00,000 டாலர் செலவு. 1933இல் லீக்கை மறுபடி எழுப்பி நிறுத்தினார். அதே ஆண்டு சிகாகோவில் கிழக்கு-மேற்கு நட்சத்திர ஆட்டத்தைத் தொடங்கினார். 1943இல் அந்த ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 51,723. கறுப்பர் சமூகத்துக்கு அது வருடாந்தரத் திருவிழா மாதிரி. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு ரயிலேறி வருவார்களாம்.

முகம் சுளித்ததை முழுக்க விடவில்லை. நாலணா கட்டித் தோற்றவனும் கறுப்பன்தான். அவன் காசில் எழுந்த சுவர் அது. கிரீன்லீ மைதானத்தை 1938இல் இடித்துவிட்டார்கள், குடியிருப்புக் கட்ட.

15 ஏப்ரல்

இன்று 42 நாள். நான் இன்னொருவரைப் பற்றி எழுதுகிறேன், எஃபா மேன்லி.

1897இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். அவருடைய தாய் வெள்ளை இனத்தவர். வளர்ந்தது கறுப்புக் குடும்பத்தில், வாழ்ந்தது கறுப்பராக. 1934இல் ஹார்லெமில் பிளம்ஸ்டீன் என்ற பெரிய ஜவுளிக்கடை. வாங்க வருகிறவர்கள் எல்லாம் கறுப்பர், கவுண்டரில் நின்று விற்க ஒரு கறுப்புப் பெண்ணுக்கும் இடமில்லை. வேலை தராத கடையில் வாங்காதே என்று வாசலில் மறியல் நடத்தினார்கள். எஃபா அதில் முன்னால் நின்றவர். ஆறு வாரத்தில் கடை இறங்கி வந்தது. காசு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை அவர் அங்கேயே பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கணவர் ஏப் அணியை வாங்கினார், ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்தார். நெவார்க் ஈகிள்ஸ் அணியின் சம்பளம், ஒப்பந்தம், பயண ஏற்பாடு, விளம்பரம் எல்லாம் எஃபா கையில். 1939இல் மைதானத்திலேயே கறுப்பரைக் கும்பல் கூடிக் கொல்வதற்கு எதிரான நாள் நடத்தினார். லீக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேள்வி கேட்கிறாளே என்று மற்ற முதலாளிகள் எரிச்சல் பட்டார்கள். அவர் கேட்பதை நிறுத்தவில்லை. ஆட்டக்காரர்களுக்குக் குளிர்சாதனப் பேருந்து வாங்கித் தந்தார்.

1946இல் ஈகிள்ஸ் மோனார்க்ஸை நான்குக்கு மூன்று என்று வென்று நீக்ரோ உலகத் தொடரை எடுத்தது. லாரி டோபி, மான்டி இர்வின், லியோன் டே எல்லோரும் அந்த அணியில். அந்த ஆண்டு நெவார்க்கில் சுமார் 1,20,000 பேர் டிக்கெட் வாங்கினார்கள். 1947இல் அது சுமார் 57,000. 1948இல் 35,000.

இந்த மூன்று எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். நெவார்க்கிலிருந்து புரூக்ளின் ரயில் தூரம்தான். ராபின்சனைப் பார்க்க எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். போகாமல் இருப்பார்களா? நான் அங்கே இருந்திருந்தாலும் போயிருப்பேன்.

அடுத்தது வலிக்கிற இடம். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ராபின்சனை மோனார்க்ஸிடமிருந்து எடுத்தபோது மோனார்க்ஸுக்கு ஒரு டாலர்கூடத் தரவில்லை. ஈகிள்ஸிடமிருந்து டான் நியூகோமை எடுத்தார், அதற்கும் இல்லை. கறுப்பர் லீக்கே முறையான தொழில் இல்லை, சூதாட்டக்காரர்களின் ஏற்பாடு என்பது அவர் சொன்ன நியாயம். வில்கின்சன் வழக்குப் போட்டிருக்கலாம். ஒரு கறுப்பு இளைஞனின் வாய்ப்புக்குக் குறுக்கே நின்றார் என்ற பெயர் வருமே என்று விட்டுவிட்டார். எல்லா முதலாளிகளையும் வாயடைக்க வைத்தது அந்தப் பயம்தான்.

எஃபா மட்டும் வாயடைக்கவில்லை. 1947 ஜூலையில் கிளீவ்லாந்து அணி உரிமையாளர் பில் வீக் லாரி டோபியைக் கேட்டு, 10,000 டாலர் தருகிறேன் என்றார். இவன் வெள்ளைக்காரனாக இருந்தால் நீங்கள் 1,00,000 கொடுத்திருப்பீர்கள் என்று எஃபா தயங்காமல் சொன்னார். பிறகு 10,000க்கு விற்றார்.

15 ஏப்ரல், இரவு

திருத்தம். 10,000 என்று நிறுத்திவிட்டேன். டோபி அணியில் நிலைத்தால் மேலும் 5,000 என்று பேச்சு. நிலைத்தார், ஆக மொத்தம் 15,000.

இன்னொன்றும். விளக்கு விஷயத்தில் மோனார்க்ஸ்தான் முதல் என்பதுபோல எழுதிவிட்டேன். அதே 1930 ஏப்ரல் 28 இரவு கான்சஸின் இண்டிபெண்டன்ஸ் ஊரில் ஒரு சிறிய லீக் அணியும் விளக்கில் ஆடியிருக்கிறது. அது நட்டுவைத்த கம்பம். வில்கின்சனுடையது ஊர் ஊராகக் கூடவே வந்த வெளிச்சம். பெரிய லீக்கை ஐந்து வருடம் முந்தியது என்பதில் மாற்றமில்லை.

16 ஏப்ரல்

"அப்படியென்றால் ராபின்சன் வந்திருக்கக் கூடாது என்கிறீர்களா?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

இல்லவே இல்லை. அந்தப் பேருந்துப் பயணத்தை மறக்கச் சொல்லவில்லை. மோனார்க்ஸில் ஆடிய பக் ஓ'நீல் வாழ்நாள் முழுக்கச் சொன்ன சம்பவம் ஒன்று. மோனார்க்ஸ் பேருந்து ஒக்லஹோமாவின் மஸ்கோகியில் வழக்கமாகப் பெட்ரோல் போடும் இடம். இரண்டு டேங்க், ஒவ்வொன்றும் 50 கேலன். புதிதாகச் சேர்ந்த ராபின்சன் கழிவறைக்கு நடந்தார். பங்க்காரர் தடுத்தார், அங்கே உனக்கு இடமில்லை என்று. அப்படியானால் குழாயை எடு, நமக்கு இந்தப் பெட்ரோல் வேண்டாம் என்றார் ராபின்சன். நூறு கேலன் வியாபாரம். பங்க்காரர் யோசித்தார், கழிவறையைத் திறந்துவிட்டார். அதற்கப்புறம் கழிவறை இல்லாத இடத்தில் மோனார்க்ஸ் பெட்ரோல் வாங்கவில்லை.

ஹார்லெம் ஜவுளிக்கடை வாசலில் எஃபா செய்ததும் இதுவே. பிறகு 1948இல் இந்த இருவருக்கும் பத்திரிகையிலேயே மோதல் வந்தது. ராபின்சன் கறுப்பர் லீக்கைக் குறை சொல்லி எழுதினார்: ஒழுங்கான ஒப்பந்தம் இல்லை, தங்கும் இடம் மோசம், நடுவர்கள் சரியில்லை. எஃபா கொதித்துப்போய், ஏறி வந்த ஏணியை மறக்காதே என்ற தொனியில் பதில் எழுதினார். நான் ரொம்ப நாள் எஃபா பக்கம்தான். இப்போது யோசிக்கிறேன், ராபின்சன் சொன்னதும் பொய்யில்லை. அவருக்கு மோனார்க்ஸில் மாதம் 400 டாலர் வாய்ப்பேச்சில்தான். எழுத்தில் ஒப்பந்தம் இருந்திருந்தால் ரிக்கி சும்மா தூக்கிப்போயிருக்க முடியாது. முதலாளிகள் தங்கள் பக்க ஓட்டையைத் தாங்களே அடைக்காமல் விட்டார்கள்.

16 ஏப்ரல், சற்று நேரம் கழித்து

இதை எழுதும்போது என் மாமா நினைவு வந்துகொண்டே இருக்கிறது. மேலே சொன்ன மின்னொளி கபடியை நடத்தியவர் அவர். ஒரு பையனைப் பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டில் சோறு போட்டு, காலணி வாங்கிக் கொடுத்து ரைடராக ஆக்கினார். பத்தொன்பது வயதில் நகரத்து அணி ஒன்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. வேலையும் கொடுத்தது. மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம், தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். ராத்திரி சாப்பிடும்போது மட்டும் அத்தையிடம் சொன்னார்: "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

எஃபா பணம் கேட்டபோது பேராசைக்காரி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அந்த 15,000 டாலரில் மாமாவின் அந்த ஒரு வார்த்தைதான் கேட்கிறது. வீக் கொடுத்தது மலிவு விலை, ஆனால் கேட்டு, பேசி, கொடுத்தார். கொடுத்த நொடியில் ஈகிள்ஸ் ஒரு முறையான அணி என்று ஒப்புக்கொண்டாயிற்று. 1949இல் ரிக்கி மான்டி இர்வினையும் சும்மா எடுக்கப் பார்த்தார். அதற்குள் ஈகிள்ஸ் கைமாறிவிட்டது, ஆனாலும் எஃபா வக்கீல் வைத்து எதிர்த்தார். ரிக்கி விட்டுவிட்டார், நியூயார்க் ஜயன்ட்ஸ் 5,000 கொடுத்து வாங்கியது. வக்கீலுக்கும் புது உரிமையாளருக்கும் போகத் தன் பங்குக்கு வந்ததில் எஃபா ஒரு மிங்க் ரோமச் சால்வை வாங்கிக்கொண்டார். எத்தனையோ வருடம் போட்டுக்கொண்டிருந்தாராம். வாழ்க!

கறுப்பர் அணிகள் மூடும் முன்னால் செய்த விற்பனைகளுக்கு எஃபா போட்ட பாதைதான். 1952இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணி ஒரு பதினெட்டு வயதுப் பையனை பாஸ்டன் பிரேவ்ஸுக்கு 10,000 டாலருக்கு விற்றது. பையன் பெயர் ஹாங்க் ஆரன், பின்னாளில் பேஸ்பாலின் மாபெரும் பேட்டர்களில் ஒருவர்.

17 ஏப்ரல்

ரிக்கியைத் திட்டி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். மற்ற பதினைந்து அணி முதலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோது துணிந்தவர் அவர். பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் கறுப்பு ஆட்டக்காரரை இறக்க 1959 ஆயிற்று. ரிக்கி கதவைத் திறந்தார், அதற்காக அவரைக் கும்பிடுகிறேன். திறந்த கையாலேயே பக்கத்து வீட்டுச் சாமானைக் கேட்காமல் எடுத்தார். இரண்டும் ஒரே ஆள் செய்தது. அப்படியே எழுதி வைக்கலாம்.

கறுப்பர் அணி மூடியபோது ஆட்டக்காரர்களோடு முடியவில்லை. மேலாளர், டிக்கெட் கிழிப்பவர், நோட்டீஸ் அச்சடித்தவர், அணி தங்கிய விடுதிக்காரர் எல்லோருக்கும் பிழைப்பு போயிற்று. ஆட்டக்காரர்களில் சிறந்த சிலரை மட்டும் பெரிய லீக் எடுத்துக்கொண்டது. கறுப்பு மேலாளர்களையும் முதலாளிகளையும் யாரும் கூப்பிடவில்லை. பெரிய லீக்கில் முதல் கறுப்புப் பயிற்சியாளராக பக் ஓ'நீல் வந்தது 1962இல். நீக்ரோ நேஷனல் லீக் 1948 சீசனோடு மூடிவிட்டது. அந்த ஆண்டே ஈகிள்ஸ் விற்கப்பட்டு ஹூஸ்டனுக்குப் போனது.

19 ஏப்ரல், சனி

நாங்கள் நியூஜெர்சியில்தான் இருக்கிறோம். நெவார்க்கில் ஈகிள்ஸ் ஆடிய ரப்பர்ட் மைதானம் இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். ஆனால் பேட்டர்சனில் ஹிஞ்ச்லிஃப் மைதானம் இருக்கிறது. நியூயார்க் பிளாக் யாங்கீஸ் ஆடிய இடம். 1932இல் கட்டியது, 1997இல் மூடி, மரம் முளைத்துக் கிடந்து, 2023இல் மறுபடி திறந்தது. இன்று மகளோடு போனேன்.

பஸேயிக் ஆற்று அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். லாரி டோபி இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவர். ஈகிள்ஸ் ஆட்கள் அவரைப் பதினெட்டு வயதில் இதே தரையில் ஆடவிட்டுப் பார்த்துத்தான் எடுத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, ராபின்சனுக்குப் பதினொரு வாரம் பின்னால், இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பு ஆட்டக்காரர். மகள் கேட்டாள், "அவருக்கு மட்டும் ஏன்ப்பா ஒரு நாள் இல்லை?" பதில் சொல்லத் தெரியவில்லை. அருவிச் சத்தத்தில் கேட்காததுபோல இருந்துவிட்டேன். அது தப்பு. வீட்டுக்கு வந்து உட்காரவைத்து டோபி கதை முழுக்கச் சொன்னேன்.

22 ஏப்ரல்

முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: "சரி, ஒத்துக்கொள்கிறேன். பிற்காலத்திலாவது இவர்களுக்கு மரியாதை கிடைத்ததா?"

கிடைத்தது, தாமதமாக. ஃபாஸ்டர் 1981இல் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். வில்கின்சனும் எஃபாவும் 2006இல். அங்கே சேர்ந்த முதல் பெண் எஃபா, இன்றுவரை வேறு பெண் இல்லை. அதே 2006இல் பக் ஓ'நீலுக்குப் போதிய வாக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் மேடையேறி மற்ற பதினேழு பேருக்காகவும் பேசிவிட்டு வந்தார். சில மாதத்தில் இறந்தார். அவருக்கு 2022இல்தான் இடம் கிடைத்தது. 1920 முதல் 1948 வரையான கறுப்பர் லீக்குகளும் பெரிய லீக்தான் என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024இல் கணக்கையும் சேர்த்தார்கள். இப்போது பேட்டிங் சராசரியில் எல்லாக் காலத்துக்கும் முதல் பெயர் ஜாஷ் கிப்சன், .372.

எஃபா 1981இல் கலிஃபோர்னியாவில் இறந்தார். கல்லறையில் பெயருக்குக் கீழே, இவர் பேஸ்பாலை நேசித்தார் என்று வெட்டியிருக்கிறார்கள்.

கறுப்பர் அணிகள் ஆடிய மைதானம் வேறு ஏதாவது இன்னும் நிற்கிறதா என்று கேட்ட இன்னொருவருக்கு: ஆம், பர்மிங்ஹாமில் ரிக்வுட் மைதானமும் நிற்கிறது, 1910இல் கட்டியது. பேட்டர்சன் போகிறவர்கள் சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள், அருவிப் பக்கம் மதியத்துக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.